செத்தாலும் ஈத்து ஈத்துதான்

செத்த மாடு கண்ணு போடுமா அண்ணாச்சி? சிரிக்காதீய, நெசமாத்தான் கேக்கேன். எங்க ஊர்ல ஒண்ணு போட்டுச்சு. அதுவும் என் மாடு. போட்டது என் மாடு, கண்ணு போய்ச் சேந்தது இன்னொருத்தி வீட்டுக்கு. இது எந்த ஊர் நியாயம்னு நீங்கதான் சொல்லணும்.

வண்டி இப்பம் நகராது. அங்கன பாருங்க, பாலத்துல ஒத்தை வழிதான் விட்டிருக்கான். வெள்ளத்துல உடைஞ்சது, இன்னும் மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கானுவ. எதிர்ல வாறது எல்லாம் போன பொறவுதான் நம்மள விடுவான். அதனால நிதானமாவே சொல்லுதேன். உங்களப் பாத்தா படிச்சவரு மாதிரி தெரியுது. எனக்கு வேண்டியவரும் இல்ல, அவளுக்கு வேண்டியவரும் இல்ல. அப்படிப்பட்ட ஆள்கிட்டதான் நியாயம் கேக்கணும்.

எம் பேரு கொம்பையா. ஊரு நத்தக்குளம். குளத்துக்குக் கீழ கொஞ்சம் வாழை போட்டிருக்கேன். ஒரு காலத்துல ஆசப்பட்டு ஒரு கெடேரி வாங்குனேன், கண்ணு போடாத எளம் மாடு. செவலை. வாங்குன பொறவுதான் தெரியுது, எனக்குச் சாணி வாடை ஒத்துக்கிடல. தொழுவத்துக்குள்ள கால வச்சா தும்மல். அடுக்கு அடுக்கா வரும். எங்க வீட்டுக்காரி கோமதி, தும்மல் உங்களுக்கு விடியக்காலம் மட்டும்தான் வருது, சாயங்காலம் பால் காப்பி குடிக்கையில வரலியேன்னு கேட்டா. அவ அப்படித்தான் பேசுவா. அதனால மாட்ட வாரத்துக்கு விட்டுட்டேன்.

வாரம்னா உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மாடு என்னுது. தீனி போட்டு, தண்ணி காட்டி, சாணி அள்ளி வளக்க வேண்டியது இன்னொருத்தர். பாலும் சாணியும் வளக்கவங்களுக்கு. கண்ணு மட்டும் மொறை வச்சு. ஒவ்வொரு தடவை ஈனுததும் ஒரு ஈத்து. மொத ஈத்து மாட்டுக்காரனுக்கு, அடுத்த ஈத்து வளக்கவங்களுக்கு, அதுக்கடுத்தது மறுபடி மாட்டுக்காரனுக்கு. பத்திரம் கித்திரம் ஒண்ணும் கெடையாது. வாய் வார்த்தைதான். எங்க பக்கம் அப்படித்தான் ஓடுது.

நான் விட்டது உலகம்மாகிட்ட. அடுத்த தெரு. மொறைக்கு என்னை மாமான்னுதான் கூப்பிடுவா. அவ புருசன் கேரளாவுல ஓட்டல்ல பரோட்டா போடுதான், தீவாளிக்கும் கோயில் கொடைக்கும்தான் வருவான். இவ ஒத்தையில நின்னு மாட்ட வளத்தா. நல்லாத்தான் வளத்தா, அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். நானும் அவள ஒரு தொந்தரவு பண்ணினதில்ல. மாட்ட விட்ட நாள்ல இருந்து அது சாவுத வரைக்கும் ஒரு நாள் அந்தத் தொழுவத்த எட்டிப் பாத்ததில்ல அண்ணாச்சி. அம்புட்டு நம்பிக்கை.

மொத ஈத்து பொட்டைக் கண்ணு. என் மொறை. வித்தேன், வயலுக்கு மோட்டார் மாத்துனேன். ரெண்டாவது ஈத்து அவ மொறை. கண்ணு வயித்துக்குள்ளயே செத்து விழுந்துட்டு. பாவந்தான். மூணாவது மறுபடியும் நல்ல பொட்டைக் கண்ணு. அப்பம் உலகம்மா வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னா. மாமா, என் மொறையில எனக்கு ஒண்ணும் நிக்கல, இத எனக்கு விட்டுத் தாங்களேன்னு கேட்டா.

நான் கோவப்படல. கோவப்படுத ஆளு நான் இல்ல. பொறுமையா எடுத்துச் சொன்னேன்: "இங்க பாரு தாயி, செத்தாலும் ஈத்து ஈத்துதான். மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

இன்னைக்கு இவளுக்காவ மாத்துனா நாளைக்கு ஊர்ல வாரத்துக்கு விட்ட அத்தனை பேரும் மாத்தணும். பெரிய கொழப்பமாயிரும். அவ தலைய ஆட்டிட்டுப் போயிட்டா. சரி, புரிஞ்சிட்டுன்னு நெனச்சேன். புரிஞ்சுதான் இருக்கு. எனக்குத்தான் தெரியல, எம்புட்டு நல்லாப் புரிஞ்சிருக்குன்னு.

பொறவு அந்தப் பெரிய மழை. அத நான் சொல்ல வேண்டாம், நீங்களும் இந்தப் பக்கத்து ஆளுதான். ஊத்துன ஊத்துல எங்க குளம் உடைஞ்சிட்டு. நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடுனோம். உலகம்மா புள்ளைகளக் கொண்டுவந்து மாடியில விட்டுட்டு மாட்டுக்காவத் திரும்பிப் போயிருக்கா. போறதுக்குள்ள தொழுவத்து மண்செவரு விழுந்து, மாட்டத் தண்ணி இழுத்துட்டுப் போயிட்டு. தண்ணி வடிஞ்ச பொறவு பாத்தா, என் வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்துல உடமுள்ளுக் காட்டுக்குள்ள கெடக்கு. வீங்கி, கால நீட்டிக்கிட்டு. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் நாத்தம் எங்க வீட்டுக்குத்தான் வருது.

பஞ்சாயத்துத் தலைவரு வந்தாரு. வி.ஏ.ஓ. வந்தாரு. மாட்டு டாக்டரம்மாவும் வந்தாவ. யாரு மாடுன்னு கேட்டாவ. நான் வாயத் தொறக்கப் போனேன். அதுக்குள்ள தலைவரு சொல்லுதாரு, பஞ்சாயத்துல டீசலுக்குக்கூட காசு இல்ல, யாரு மாடோ அவங்கதான் ஜேசிபி வச்சுப் பொதைக்கணும்னு.

தொறந்த வாய நான் மூடல. ஆனா வேற சொன்னேன். பொய் சொல்லல அண்ணாச்சி, யோசிச்சுப் பாருங்க. கெட்டி வச்சிருந்தது யாரு? அவ. பால் கறந்தது யாரு? அவ. அந்த மாட்டுக்கு என் மூஞ்சியாவது தெரியுமா? அதனால, "அது உலகம்மா மாடுய்யா, ஊருக்கே தெரியும்"னு சொன்னேன். பின்னால நிக்கவனுக்கும் கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். அங்கதான் வெனை.

உலகம்மா என்னை ஒரு பார்வை பாத்தா. பொறவு, ஆமா, என் மாடுதான்னா. அந்த நாத்தத்துல போய் மாட்டுத் தலமாட்டுல ஒக்காந்து, செத்தது மனுசி மாதிரி அழுதா. பீரோவுல இருந்து ஒரு புதுச் சேலை கொண்டாந்து போத்துனா. மாட்டுக்குப் புதுச் சேலை. எங்க வீட்ல எனக்கு ஒரு துண்டு வாங்கித் தாறதுக்கு யோசிப்பாவ. டாக்டரம்மா போன எடுத்து, மாட்டையும் அவளையும் சேத்து ஒரு போட்டோ புடிச்சிக்கிட்டாவ. நான் மூக்கப் பொத்திக்கிட்டு தள்ளி நின்னேன். போட்டோவுல என் வேட்டி ஓரம் கூட விழல.

அவ காசுலயே ஜேசிபி வச்சுப் பொதைச்சாச்சு. ஒரு வாரம் கழிச்சு டீக்கடையில இருக்கேன், டிவியில சொல்லுதான். வெள்ளத்துல செத்த கால்நடைக்கு நிவாரணமாம். ஆட்டுக்கு இவ்வளவு, கோழிக்கு இவ்வளவு, கறவை மாட்டுக்கு இவ்வளவு. மாட்டுக்குச் சொன்ன தொகையக் கேட்டதும் டம்ளர வச்சிட்டு நேரா வி.ஏ.ஓ. ஆபீசுக்கு ஓடுனேன்.

அவரு நிமுந்துகூடப் பாக்காம சொல்லுதாரு, கறவை மாடு, உரிமையாளர் உலகம்மாள், பட்டியல் மேல போயாச்சுன்னு. அய்யா, அது என் மாடுன்னேன். அன்னைக்கு நீருதான வே அவ மாடுன்னு சொன்னீரு, எனக்குக் காது வலிக்கிற மாதிரில்லா சொன்னீருன்னாரு. ஒரு மனுசன் துக்கத்துல என்னமும் சொல்லுவான்யான்னு சொன்னேன். துக்கமா, மூக்கப் பொத்திக்கிட்டு நின்னது நீருதானன்னு கேக்காரு. சரி, போட்டோதான் வேணும்னா இப்பம் நான் போய் நிக்கேன், புடிச்சுக்கிடுங்கன்னேன். எங்க, குழிக்கு மேலயா நிப்பீருன்னு கேட்டாரு. ஆபீசுல இருந்த அத்தனை பேரும் சிரிச்சானுவ.

விடுவேனா. பணம் அவ பேங்குல ஏறுன அன்னைக்கே தலைவரையும் கூட்டிக்கிட்டு உலகம்மா வீட்டுக்குப் போனேன். அவ உடைஞ்ச வீட்டுச் செவத்துக்கு மண்ணு கொழைச்சிக்கிட்டு இருந்தா. நான் முழுசும் கேக்கல, பாத்துக்கிடுங்க. பாதிதான் கேட்டேன். வாரத்து மாடு, வந்த காசுல பாதி. இதவிட நியாயமா ஒருத்தன் கேக்க முடியுமா?

அவ கையக் கழுவிட்டு வந்தா. மொகத்துல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

"மாமா, செவலை செனையா இருந்தா. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னேன்.

"ஏழு மாசம். மூணாவது ஈத்து நீங்க எடுத்துக்கிட்டீய. அப்பம் வயித்துல கெடந்தது நாலாவது. அது யாரு மொறை?"

நான் தலைவரப் பாத்தேன். தலைவரு மோட்டுவளையப் பாத்தாரு.

"அது வெளிய வரல. அவளோடயே போயிட்டு. அதுக்குப் பதிலாத்தான் சர்க்காரு இத அனுப்பியிருக்கு. செத்தாலும் ஈத்து ஈத்துதான்னு நீங்கதான மாமா சொன்னீய. அஞ்சாவது ஈத்து வந்தா உங்களுக்குத் தாறேன்."

தலைவரு மாதிரி ஒரு ஆளு அங்க என்ன சொல்லியிருக்கணும்? எம்மா, காசு வேற கண்ணு வேறன்னு சொல்லியிருக்கணுமா இல்லையா? அந்த மனுசன் ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, கொம்பையா, கணக்கு சரியாத்தான் வருதுன்னுட்டாரு. மறுநாள் ஊர் பூரா இதே பேச்சு. சர்க்காரு ஈத்து, சர்க்காரு ஈத்துன்னு. சலூன் கடையில ஒருத்தன் கேக்கான், கொம்பையாண்ணே, கண்ணு காளையா பொட்டையான்னு.

இதோட முடிஞ்சிதுன்னா நான் விட்டிருப்பேன். உலகம்மா அந்தக் காசோட கொஞ்சம் சேத்துப் போட்டு சந்தையில ஒரு கெடேரி வாங்குனா. கறுப்பு, நெத்தியில வெள்ளைச் சுட்டி. வாங்கிட்டா, கெட்டுததுக்கு எடம்? செத்த மாட்டுக்குத்தான் சர்க்காரு காசு குடுத்துச்சு, விழுந்த தொழுவத்துக்கு ஒண்ணும் குடுக்கல. ஒரு நாள் நான் வாழைக்குத் தண்ணி பாச்சிட்டு வீட்டுக்கு வாரேன், எங்க தொழுவத்துக்குள்ள அந்தக் கறுப்பி நிக்கி. வெறகும் பழைய சைக்கிளும் கெடந்த எடம், பெருக்கித் தெளிச்சு சுத்தமா இருக்கு.

யாரு மாடுன்னு கோமதிகிட்ட கேட்டேன். உலகம்மா மாடு, வாரத்துக்கு வாங்கியிருக்கேன்னா. யாரக் கேட்டு வாங்குனன்னேன். நீங்க மாட்ட விடும்போது என்னைக் கேட்டா விட்டீயன்னு திருப்பிக் கேக்கா. எனக்குத் தும்முமேன்னேன். தும்முங்கன்னுட்டா.

எங்கன தும்முதது? விடியக்காலம் கோமதிக்கு இடுப்பு புடிச்சுக்கிடும், நான்தான் எந்திரிச்சு தவிடு கரைக்கணும். தவிடு கொஞ்சம் கட்டியா இருந்தா திங்காது. வாளிய முட்டித் தள்ளிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கும். கையால நசுக்கி நசுக்கிக் கரைச்சு விடணும். காதுக்குப் பின்னால சொறிஞ்சு விடணும், அதுவும் எடது காதுக்குப் பின்னால. வலது காதுன்னா தலைய வெடுக்குன்னு திருப்பிக்கிடும். வந்து வாச்சிருக்கு பாருங்க. தும்மலா? அது எப்பமோ நின்னுட்டு, இதுக்கெல்லாம் எங்க நேரம்.

இதுல உலகம்மா வேற தெனம் வந்து நிப்பா. மாடு எளைச்ச மாதிரி இருக்கே மாமா, தண்ணி காட்டுனீயளா மாமா, கழுத்துக் கயிறு இறுக்கமா இருக்கே மாமான்னு. வாரத்துக்கு விட்டா நம்பணும்லா? நான் அவளுக்கு அப்படியொரு தொந்தரவு என்னைக்காவது குடுத்தேனா? கோமதிகிட்ட இத சொன்னேன். அவ சேலை முந்தியால வாயப் பொத்திக்கிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா.

கறுப்பி செனையாச்சு. மொத ஈத்து. மொத ஈத்து யாருக்கு? மாட்டுக்காரிக்கு. பாடு நம்ம பாடு, கண்ணு அவளுக்கு. இந்த வார முறைய மொதல்ல எவன் கண்டுபுடிச்சானோ, அவன் கையில ஒரு நாள் தவிட்டு வாளியக் குடுக்கணும்.

ஆனா ஒரு ஆறுதல் இருந்துச்சு அண்ணாச்சி. வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய்க் கேட்டு வச்சிருந்தேன். நாளப்பின்ன இன்னொரு வெள்ளம் வந்தா, யாரு தொழுவத்துல மாடு கெட்டியிருக்கோ அவங்க பேருக்குத்தான் நிவாரணம் எழுதுவோம்னு அவரே சொன்னாரு. நல்லாக் கேட்டுக்கிட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். இப்பம் மாடு யாரு தொழுவத்துல நிக்கி? அதுக்காவ நான் மழைக்கு வேண்டிக்கிட்டேன்னு நெனைக்காதீய. வானம் கறுத்தா நிமுந்து பாப்பேன், அவ்வளவுதான். எல்லாரும்தான் பாக்காவ.

இந்த வருசமும் வந்துச்சு. போன தடவை அளவுக்கு இல்லன்னாலும் எங்க தெருவுக்கு வந்துட்டு. கேளுங்க, இந்த வருசமும் எனக்கு நிவாரணம் ஒரு பைசா வரல. ஏன் வரல? மாடு சாவல. ஏன் சாவல? அதத்தான் சொல்ல வாரேன்.

மத்தியானம் மூணு மணி இருக்கும். குளத்துக்கரை அரிக்குதுன்னு மைக்குல சொல்லிட்டானுவ. கோமதி அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா, நான் மட்டும்தான். துணிமணிய ஒரு பையில போட்டுக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிட்டேன். தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு. போகும்போது தொழுவத்துப் பக்கம் நான் திரும்பல. வேணும்னே திரும்பல, ஒளிக்கதுக்கு என்ன இருக்கு. நான் அதுக்கு ஒரு கெடுதல் செய்யல. சும்மா போனேன். சும்மா போறது ஒரு குத்தமா?

பள்ளிக்கூடத்துப் படியில கால வச்சிட்டேன். அப்பம் அது ஒரு சத்தம் போட்டுச்சு. பயந்து கத்துத சத்தம்னா நான் ஏறிப் போயிருப்பேன். இது அது இல்ல. விடியக்காலம் தவிடு கொண்டுவர நேரமாயிட்டுன்னா கூப்பிடும் பாருங்க, தொண்டைக்குள்ளேயே, அந்தச் சத்தம். அந்தத் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு என்னைத் தவிட்டுக்குக் கூப்பிடுது அண்ணாச்சி. நான் எங்கயோ நேரமாக்கிட்டு நிக்கேன், வந்துருவேன்னு அதுக்கு நெனப்பு.

பைய படியில போட்டேன். திரும்பிப் போயிட்டேன்.

போறதுக்குள்ள தொழுவத்துல தண்ணி என் நெஞ்சுக்கு ஏறிட்டு. கறுப்பி தலைய மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கி. கயிறு நனைஞ்சு முடிச்சு இறுகிட்டு, வெரல் போவ மாட்டேங்கு. முங்கி முங்கி பல்லால கடிச்சு இழுத்தேன். பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்தது, அன்னைக்கு அந்தத் தண்ணியோட போச்சு. முடிச்சு அவுந்ததும் அது ஒரு தாவு தாவிச்சு. நான் கழுத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அதுக்குப் பொறவு கால் தரையில பாவல. எம்புட்டு தூரம் போனோம்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அதோட மூச்சு மட்டும்தான். புசுபுசுன்னு என் காதுக்குள்ள சூடா விட்டுக்கிட்டே வந்துச்சு. நான் அதுகிட்ட என்னமோ பேசிக்கிட்டே போனேன். ஏட்டி, என்னை விட்டுறாதட்டின்னு சொன்னேன்னு நெனைக்கேன். அதுதான் என்னை மேட்டு ரோட்டுக் கரையில கொண்டுபோய் ஏத்திட்டு. நான் ஏத்துனேன்னு ஊர்ல சொல்லியிருக்கேன். நீங்க வேத்தூர்க்காரரு, உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன.

கரையில நிக்கோம், உலகம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்து ஓடி வாரா. சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, மழையில தலைவிரி கோலமா. வந்து மாட்டத் தடவிப் பாப்பா, வயித்தத் தொட்டுப் பாப்பா, இங்க கீறியிருக்கே மாமான்னு என்னைக் கேள்வி கேப்பான்னு நின்னேன். பதிலுக்கு நல்லா நாலு கேக்கணும்னு வாயில வச்சிருந்தேன். வந்தவ மாட்டப் பாக்கல. நேரா எங்கிட்ட வந்து என் ரெண்டு தோளையும் புடிச்சா.

"மாமா, உங்களுக்கு நீச்சல் தெரியாதே?"

அப்பத்தான் அண்ணாச்சி எனக்கே நெனப்பு வந்துச்சு. குளத்தங்கரையில பொறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. இந்த வயசு வரைக்கும் இடுப்புத் தண்ணிக்கு மேல எறங்குனவன் இல்ல. அப்படியே சகதியில ஒக்காந்து கறுப்பியோட முன்னங்காலக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன். எங்க அப்பா செத்ததுக்குக்கூட அப்படி அழுததில்ல. உலகம்மா பக்கத்துலயே நின்னா. "எந்திரிங்க மாமா, அது வெறைக்குது"ன்னு சொன்னா. நான் எந்திரிச்சு, சட்டையக் கழத்திப் பிழிஞ்சு, மாட்டத் தொடைக்க ஆரம்பிச்சேன்.